சந்தனம் பூசிய துப்பாக்கி

எந்தப் பொருளையும் கும்பிடுவதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. அதே பொருளைத் துடைத்து வைப்பதில் நம்மைவிடச் சோம்பேறிகளும் இல்லை. இந்த இரண்டு குணங்களுக்கும் ஏதோ உறவு இருக்க வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஒரு சந்தேகம். 2024-ஆம் வருஷம் அது ருசுவாயிற்று. ருசுவான இடம் என் வீடு, குற்றவாளி நான். ஆகையால் ஊராரைப் பற்றி நாலு வார்த்தை கடுமையாகச் சொல்லும் உரிமை எனக்கு வந்துவிட்டதாகவே எண்ணுகிறேன்.

என்னிடம் ஒரு துப்பாக்கி இருக்கிறது. இதைப் படித்ததும் சில வாசகர்கள் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்துவார்கள். பயப்பட வேண்டாம், முறையான உரிமம் உள்ள துப்பாக்கிதான். என் மாமனார் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தில், தறிச் சத்தம் கேட்கும் ஒரு தெருவில் வந்து உட்கார்ந்தார். மற்றவர்கள் ஓய்வூதியத்தில் மனை வாங்குவார்கள். அவர் ஒரு ரைஃபிள் வாங்கினார். அதைக் கொண்டு ஒரு காக்கையைக்கூட அவர் கொன்றதில்லை. 1972-இல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது ஒரு புறம். அவருக்கு அதில் ருசியே கிடையாது என்பதுதான் உண்மை. சங்கத்துத் தளத்துக்குப் போவார். நூறு மீட்டருக்கு அப்பால் ஒரு காகிதத்தை மாட்டுவார். அதில் ஐந்து ஓட்டை போடுவார். ஐந்தும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கினால் அன்றைக்கு வீட்டில் எல்லாரிடமும் சிரித்துப் பேசுவார். அதற்காகவே பின்குறியைக் கழற்றிவிட்டு, ஊசித் துளை வழியே பார்க்கும் குறியை மாட்டி வைத்திருந்தார். அவர் காலமான பிறகு வாரிசு முறையில் அது மாப்பிள்ளையாகிய என் பெயருக்கு மாறியது. சீதனம் வாங்காத எனக்கு வந்த ஒரே சீதனம்.

அதன் துளை .315. அதாவது 8 மில்லிமீட்டர். வட இந்தியக் கிராமங்களில் இந்த ரைஃபிள் சகஜம். நம் பக்கத்தில் அபூர்வம். நம்மவர்கள் கண்டது பெரும்பாலும் கொல்லைக் காவலுக்கு வைத்திருக்கும் ரவைத் துப்பாக்கிதான். இந்தத் தோட்டாவின் ஜாதகம் வேடிக்கையானது. 1890-இல் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படை தன் மான்லிஷர் ரைஃபிளுக்காக ஏற்றுக்கொண்ட தோட்டா இது. நம் நாட்டுக்கு அதில் என்ன ஜோலி? காரணம், பயம். .303 என்பது பட்டாளத்தின் துளை. அந்தத் துளையுள்ள ரைஃபிள் குடிமக்கள் கையில் இருந்தால் பட்டாளத்துத் தோட்டா திருட்டுப் போகும் என்று சர்க்கார் பயந்தது. ஆகவே அதே வகை ரைஃபிளுக்கு வேறு துளை போட்டுக் குடிமக்களுக்குக் கொடுத்தார்கள். வெள்ளைக்காரன் காலத்திலும் இதே கதைதான். மார்ட்டினி-ஹென்றி ரைஃபிளின் .450 ரவை கலகக்காரர்கள் கைக்குப் போய்விடக் கூடாது என்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் துளைக்கே இந்தியாவில் தடை விழுந்தது. உடனே லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் .465 என்றும் .470 என்றும் .475 என்றும் புதுத் துளைகளைப் பெற்றுப் போட்டன. துப்பாக்கியின் அளவை யானையும் புலியும் தீர்மானித்ததாக நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பாதி அளவுகளைத் தீர்மானித்தவர்கள் குமாஸ்தாக்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

2024 மார்ச் 16-ஆம் தேதி பாராளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்தது. வழக்கம்போல் உரிமம் வைத்திருப்பவர்களை ஆயுதத்தை ஒப்படைக்கச் சொன்னார்கள். நானும் ஒரு காவல் நிலையத்தில் ஒப்படைத்தேன். தமிழ்நாட்டில் ஓட்டுப் போட்டது ஏப்ரல் 19. எண்ணியது ஜூன் 4. அதுவரை என் ரைஃபிள் மற்றத் துப்பாக்கிகளோடு ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தது. ஜூன் மாதம் வாங்கி வந்து வீட்டு அலமாரியில் நிறுத்திப் பூட்டினேன். மாமனார் காலத்து மர அலமாரி. கதவில் காற்றுக்காகத் துளை போட்டிருக்கும். மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தளத்துக்கு எடுத்துப் போனேன்.

தளத்தில் கண்காணிப்புக்கு ஒரு பெரியவர் உண்டு. தோட்டாவைக் கையில் எடுக்குமுன், "போல்ட்டைக் கழற்றிக் குழல் வழியாக ஒரு தடவை பாருங்கள்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷமாகச் சுடுகிறவனிடம், நாலு பேர் எதிரில், இப்படியா சொல்வது? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தேன். வெளிச்சம் தெரியவில்லை. ஒரே இருட்டு.

குளவி கூடு கட்டியிருந்தது. குழலின் வாயில் விரற்கடை ஆழத்தில் காய்ந்த மண் கல்லாக இறுகிக் கிடந்தது. இதன் பொருள் என்னவென்று துப்பாக்கி தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தோட்டா வெடித்ததும் பின்னால் பிறக்கும் வாயு ரவையை முன்னே தள்ளுகிறது. வழியில் அடைப்பு இருந்தால் ரவை அங்கே தடைப்பட, அழுத்தம் அந்த இடத்தில் குவிகிறது. குழல் வீங்கும், அல்லது பிளக்கும். பிளந்தால் என் கையும் முகமும் போயிருக்கும். என்னுடன் வேடிக்கை பார்க்க வந்து இரண்டடி தள்ளி நின்றிருந்த என் மகளுக்கு என்ன ஆகியிருக்கும் என்பதை நான் எழுதப்போவதில்லை. அந்தப் பெரியவர் என் கௌரவத்தைக் காயப்படுத்தினார். அதனால் நாங்கள் பிழைத்தோம்.

மண்ணை எடுத்துக் குழலைச் சுத்தம் செய்து சுட்டேன். உள்ளங்கைக்குள் அடங்கிய ஐந்து ஓட்டைகள் இப்போது சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சிதறின. பத்து சுட்டேன், இருபது சுட்டேன். காகிதம் சல்லடை ஆனதுதான் மிச்சம்.

உடனே வைத்தியர்கள் கூடிவிட்டார்கள். "குழல் தேய்ந்துவிட்டது, விற்றுவிடு" என்றார் ஒருவர். "தோட்டா பழசு" என்றார் இன்னொருவர். "துளைக்குறி நம் ஊர்ச் சீதோஷ்ணத்துக்கு ஒத்துவராது" என்றார் மூன்றாமவர். திருஷ்டி பட்டிருக்கும் என்றும் ஒரு கட்சி இருந்தது. எனக்கு இவற்றில் எதுவும் வேண்டியிருக்கவில்லை. எனக்கு எதிரி தயாராக இருந்தார். இரண்டரை மாதம் எண்ணெய் இல்லாமல் மூலையில் போட்டவர்கள் யார்? நான் எழுத்தாளன் அல்லவா? மனு எழுத உட்கார்ந்தேன். நாலு பக்கம். என் நாவல்களில்கூட அவ்வளவு ஆவேசமான வசனம் வந்ததில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு பட்டு நெசவாளி இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். ஊருக்கே நான் மாப்பிள்ளை என்பதால் அவருக்கும் மாப்பிள்ளை. எனக்கு அவர் மாமா. மனுவை அவரிடம் படித்துக் காட்டினேன். ஊடை நாடாவைக் கையில் வைத்துக்கொண்டே முழுவதும் கேட்டார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க மாப்பிள்ளை. கோளாறு எங்க இருக்குதுன்னு எழுதலியே?"

"அதுதான் மாமா, அவர்கள் போட்டு வைத்த லட்சணம்..."

"அது யார் மேல கோளாறுங்கறது. நான் கேக்கறது எங்கன்னு. தறியில இழை அறுந்துக்கிட்டே இருந்தா, நூல்காரனைத் திட்டினா நெசவு ஓடிடுமா? பாவுல முறுக்கா, விழுதுல பிசிறா, அச்சுல பல்லு வளைஞ்சுதா, நாடா முனை சொரசொரப்பா, ஒண்ணொண்ணாப் பாக்கணும். ஒரு சமயத்துல ஒண்ணைத்தான் மாத்தணும். ரெண்டைச் சேத்து மாத்திட்டா, எதனால சரியாச்சுன்னு தெரியாது. அடுத்த தடவை திரும்பவும் முழிப்பீங்க."

பல்கலைக்கழகத்தில் சொல்லிக் கொடுக்க வேண்டிய விஷயத்தை ஒரு தறிக்குழியில் உட்கார்ந்து அவர் சொல்லிவிட்டார். மனுவை மடித்து வைத்தேன். அன்றிலிருந்து ஒன்றொன்றாகப் பார்த்தோம்.

முதலில் தோட்டா. வேறு பெட்டியிலிருந்து எடுத்து அடுத்த ஞாயிறு சுட்டேன், அதே சிதறல். அது குற்றவாளி அல்ல. அடுத்து குறி. துளைக்குறியின் திருகுகள் கெட்டியாகவே இருந்தன. மூன்றாவது, இரும்பையும் கட்டையையும் பிணைக்கும் திருகாணிகள். திருப்புளியை வைத்ததும் முன் திருகாணி அரைச் சுற்று சுற்றியது. மழையில் ஊதி வெயிலில் சுருங்குகிற கட்டை நாளாவட்டத்தில் பிடியைத் தளரவிடும் என்பது தச்சனுக்குத் தெரியும், எனக்குத் தெரிந்திருக்கவில்லை. முடுக்கிவிட்டுச் சுட்டேன். சாப்பாட்டுத் தட்டு, சாஸர் ஆயிற்று. ஆனால் உள்ளங்கை ஆகவில்லை. நான்காவது, முன்கட்டை குழலை எங்காவது நெருக்குகிறதா என்று ஒரு காகிதத் துண்டை இடையே விட்டு இழுத்துப் பார்த்தேன். தடங்கலின்றி ஓடியது. சரி.

"வாய் எப்படி இருக்குது?" என்றார் மாமா. போல்ட்டைக் கழற்றி, தோட்டா இல்லை என்று இருவரும் இரண்டு முறை பார்த்த பிறகு, குழலின் நுனியை வெளிச்சத்தில் காட்டினேன். அவர் உள்ளே போய், புடவையில் இழை எண்ணுகிற பூதக் கண்ணாடியை எடுத்து வந்து வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் கொடுத்தார்.

குழல் வாயின் விளிம்பில், மேல் பக்கமாக, அம்மைத் தழும்புபோல் துரு அரித்த குழி இருந்தது. ஒரே பக்கத்தில் மட்டும். ரைஃபிளின் உயிர் அந்த விளிம்பில்தான் இருக்கிறது. குழலின் உள்வரிகள் ரவையைச் சுழற்றி அனுப்புகின்றன. கடைசியாக அதைத் தொடுவது அந்த விளிம்பு. விளிம்பு நாலா பக்கமும் ஒரே சீராக இருந்தால் பின்னால் வரும் வாயு ஒரே சீராகப் பிரிந்து போகும். ஒரு பக்கம் குழி விழுந்தால் அந்தப் பக்கம் வாயு முந்திக்கொண்டு ரவையின் பின்புறத்தைத் தட்டிவிடும். நுனியில் மயிரிழை பிசகு, நூறு மீட்டரில் ஒரு சாண் பிசகு.

"ஒரே பக்கமாத் துரு ஏன் பிடிச்சுது?" என்றார் மாமா. நான் வாயைத் திறக்கவில்லை. பதில் எனக்குத் தெரிந்துவிட்டது.

வருஷா வருஷம் ஆயுத பூஜையன்று அந்த ரைஃபிளை மனையில் கிடத்தி, சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். பொட்டு எங்கே வைப்பது? தெய்வத்துக்கு நெற்றி, துப்பாக்கிக்கு அதன் வாய். நான்தான் வைப்பேன், தாராளமாக, குழல் நுனியின் மேல் பக்கத்தில். 2023 அக்டோபரில் வைத்த பொட்டை யாரும் துடைக்கவில்லை. சாமிக்கு வைத்த சந்தனத்தைத் துடைப்பதாவது! ஈரச் சந்தனம் இரும்பில் மாதக் கணக்கில் ஒட்டிக் கிடந்தால் என்ன ஆகும் என்று ஆறாம் வகுப்புப் பையனைக் கேட்டால் சொல்வான். மார்ச்சில் நான் காவல் நிலையத்தில் ஒப்படைத்தபோதே அந்தப் பொட்டு காய்ந்து பொருக்காக இருந்தது. அவர்கள் வாங்கி வைத்தது துருப்பிடிக்க ஆரம்பித்துவிட்ட துப்பாக்கியை. குளவி எங்கே கட்டியது என்பதும் எனக்குத் தெரியாது. அங்கேயும் இருக்கலாம், மூன்று வாரம் நான் திரும்பிப் பார்க்காத என் அலமாரியிலும் இருக்கலாம். நாலு பக்க மனு அடுப்புக்குப் போயிற்று.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உரிமம் பெற்ற ஒரு பழுது பார்ப்பவர் நுனியை மயிரளவு சீவி விளிம்பைப் புதிதாகச் செதுக்கிக் கொடுத்தார். ஐந்து ஓட்டைகள் மறுபடியும் உள்ளங்கைக்குள் வந்தன.

இப்போது என் வழக்கைச் சொல்கிறேன்.

நம் நாட்டில் துப்பாக்கி என்பது கருவி அல்ல, அந்தஸ்து. இதை நமக்குக் கற்றுக் கொடுத்தவன் வெள்ளைக்காரன். லிட்டன் வைசிராயாக இருந்தபோது 1878-இல் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் உரிமம் வாங்க வேண்டும், ஐரோப்பியனுக்கு விலக்கு. அன்றிலிருந்து துப்பாக்கி உரிமம் என்பது "இவன் சர்க்காருக்கு வேண்டியவன்" என்று நெற்றியில் ஒட்டிய முத்திரையாயிற்று. 1930 ஜனவரியில் காந்தி முன்வைத்த பதினொரு கோரிக்கைகளில், தற்காப்புக்காகத் துப்பாக்கி உரிமம் கொடுக்க வேண்டும் என்பதும் ஒன்று. பலர் இதை மறந்துவிட்டார்கள். அகிம்சையின் ஆசாரியர் ஏன் அதைக் கேட்டார்? அந்த முத்திரையின் அவமானம் அவருக்கு உறைத்தது என்பது என் ஊகம். சுதந்திரம் வந்தது, 1959-இல் புதுச் சட்டம் வந்தது. முத்திரை மட்டும் போகவில்லை. பெரிய மனுஷன் வீட்டுச் சுவரில் மான் கொம்புக்குக் கீழே அது இன்னும் தொங்குகிறது.

2019-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒருவர் மூன்று வைத்துக்கொள்ளலாம் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தார்கள். உரிமக் காலத்தை மூன்று வருஷத்திலிருந்து ஐந்தாக்கினார்கள். கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவதைத் தனிக் குற்றமாக்கினார்கள். நல்லது. அதற்கு முன்பே, 2016 விதிகள் உரிமம் கேட்பவருக்குப் பயிற்சி வேண்டும் என்றன. அதுவும் நல்லது. ஆனால் என்னிடம் ஒவ்வொரு தடவையும் கேட்கப்பட்ட கேள்வி என்ன? துப்பாக்கி இருக்கிறதா, நம்பர் சரியா? எப்படி இருக்கிறது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. "கழற்றிக் காட்டு, குழலைக் காட்டு" என்று ஒருவர் கேட்டிருந்தால் அந்தச் சந்தனப் பொட்டு அன்றைக்கே பிடிபட்டிருக்கும். உரிமத்தைப் புதுப்பிக்கும்போது, உடையவன் தன் ஆயுதத்தைக் காலி செய்து, திறந்து, துடைத்து, பூட்டிக் காட்ட வேண்டும். காட்டத் தெரியாதவனுக்குத் தெரியும் வரை கொடுக்கக் கூடாது. தேர்தலுக்காக வாங்கி வைக்கும் இடத்தில், மாதம் ஒரு முறை உடையவன் வந்து எண்ணெய் போட அனுமதிக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஒரு பழந்துணியும் ஒரு புட்டி எண்ணெயும் போதும்.

"துப்பாக்கியே எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. வாஸ்தவமான கேள்வி. காகிதத்தில் ஓட்டை போடுவதற்காக என்பதே என் பதில். மூச்சை அடக்கி, மனசை ஒரு புள்ளியில் நிறுத்தி, தன் கை நடுக்கத்தோடு மல்லுக்கட்டுகிற ஒரு வித்தை அது. 1972 வரை ஒலிம்பிக்ஸிலேயே 300 மீட்டர் பெருந்துளை ரைஃபிள் போட்டி இருந்தது. அது வேண்டாம் என்று நாளைக்கு நாடு முடிவு செய்தால் நான் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன். ஆனால் இருக்கிறவரை அது ஒழுங்காக இருக்க வேண்டும். பராமரிக்காத துப்பாக்கி அகிம்சைக்குச் சேவை செய்யவில்லை. யாரைக் கொல்வது என்று தெரியாமல் காத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு ஆக்ஷேபணை வரும். அதைத்தான் நான் எதிர்பார்க்கிறேன். "பூஜையைப் பழிக்கிறாயா?" இல்லை. நெசவாளி மாமாவும் ஆயுத பூஜை செய்கிறவர்தான். அவர் வீட்டில் போய்ப் பாருங்கள். முதல் நாளே தறிக்குழியைப் பெருக்கி, ஜக்கார்டு அட்டைகளைத் தட்டி, நாடாவைத் துடைத்து, மிதிக் கயிற்றில் நைந்ததை மாற்றி முடித்துவிடுவார். மறுநாள் பொட்டு மரத்தில் விழும். பாவில் ஒரு துளி படாது. ஆயுத பூஜை என்பதன் முதல் பாதி துடைப்பது, இரண்டாம் பாதி கும்பிடுவது. உழைக்கிறவனுக்கு இரண்டும் தெரியும், ஏனென்றால் தறி நின்றால் அவனுக்குச் சோறு இல்லை. நம்மைப்போல் சும்மா வைத்திருப்பவர்கள் முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். அது சுலபமாயிற்றே! சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறவர்களில் எத்தனை பேர் அன்றைக்கு பிரேக்கைப் பார்க்கிறார்கள்? அடுக்கி வைத்துச் சந்தனம் தெளிக்கிற புத்தகங்களில் எத்தனை, வருஷத்தின் மற்ற நாட்களில் பிரிக்கப்படுகின்றன? புத்தகம் எழுதிப் பிழைக்கிறவன் கேட்கிறேன், பதில் சொல்லுங்கள்.

2024 அக்டோபரில் மறுபடியும் ஆயுத பூஜை வந்தது. முதல் நாள் மாலை ரைஃபிளைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் போட்டு, குழல் வழியே வெளிச்சம் பார்த்து வைத்தேன். பூஜையன்று அத்தை சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்கள். பெட்டியில் வையுங்கள், துப்பாக்கியில் வேண்டாம் என்றேன். காரணத்தையும் சொன்னேன். அத்தைக்கு வருத்தந்தான்.

"அவர் இருந்தப்ப ஒவ்வொரு வருஷமும் நானே வெச்சிருக்கேனே மாப்பிள்ளை. ஒண்ணும் ஆகலியே?"

எனக்கும் அது புதிராகவே இருந்தது. சற்று யோசித்துவிட்டு அத்தையே சொன்னார்கள்:

"ஆனா ராத்திரி விளக்கு அணைச்சதும், அவர் ஒரு துணியை எடுத்துக்கிட்டுப் போய் உக்காந்துடுவார்."